சந்தனம் பட்ட சாவி

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நீங்கள் இரண்டு பேரும் மிக்சிக்கும் சைக்கிளுக்கும் என் டூல்ஸ் பைக்கும் சந்தனப் பொட்டு வைத்தீர்கள். அம்மா ஈரத்துணி கொண்டுவந்து எல்லாப் பொட்டையும் துடைத்தாள். சின்னவள் அழுதாள். பெரியவன், "அம்மாவுக்குச் சாமின்னாலே ஆகாது" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வெளியே போனான். அது அவள் காதில் விழுந்தது. அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன், எழுத்தில் பிழை இருக்கும். தமிழை நீங்களும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். மெதுவாகப் படியுங்கள்.

உங்களுக்கு அப்பா வேலை தெரியும். கம்பெனி செய்கிற மோட்டார் பெட்டியைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் மாட்டுவது. விவசாயி வீட்டில் இருந்தபடி போனில் அழுத்தினால் கிணற்று மோட்டார் ஓடும், தண்ணீர் வற்றினால் பெட்டியே மோட்டாரை நிறுத்தும். அந்தப் பெட்டியைச் செய்கிற லைனில்தான் முன்பு அம்மா இருந்தாள். இது உங்களுக்கு லேசாக நினைவிருக்கலாம். நீலக் கோட்டும் தலையில் வலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு போவாள்.

நீங்கள் சின்னவர்களாக இருந்த ஒரு வருஷம், தசரா முடிந்ததும் அவளைப் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பெர்மனென்ட் ஆனால் ஈ.எஸ்.ஐ. கார்டு வரும். சின்னவளுக்கு அப்போது வீசிங் மிக மோசம். மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போகும், பார்க்க முடியாது. கார்டு வந்துவிட்டால் நல்ல டாக்டர், மருந்து, எதற்கும் கெஞ்ச வேண்டியதில்லை. அம்மா அந்தக் கார்டுக்காகத்தான் வேலைக்குப் போனாள். வேறு ஆசை எதுவும் அவளுக்கு அந்தக் கம்பெனியிடம் இல்லை.

அவள் உட்கார்ந்த இடம் லைனின் கடைசி மேசை. அங்கே நடக்கும் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

பெட்டிக்கு ஆபத்தான நேரம் அது எழுகிற நேரம். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் தான் யார், தன் வேலை என்ன என்று அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த நிமிஷம் எந்த புரோகிராம் முதலில் ஏறி உட்காருகிறதோ அதுதான் எஜமான். பெட்டிக்குள் சிம் கார்டு இருப்பதால் அது உலகத்தோடு பேசுகிறது. அந்த வழியாக முகம் தெரியாத ஓர் அயோக்கியன் தன் புரோகிராமை உள்ளே தள்ளிவிட முடியும். அதைத் தடுக்க, சிப்புக்குள் அழிக்க முடியாத ஒரு சின்னக் காவல் வைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் முதலில் எழுவது அந்தக் காவல்தான். அடுத்து வருகிற புரோகிராமில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு, பெட்டி எழாது. கம்பெனி கேட்டில் இருக்கிற கட்டைவிரல் மெஷின் மாதிரிதான். விரல் பொருந்தினால் கதவு திறக்கும், பொருந்தாவிட்டால் நீ அழுதாலும் திறக்காது.

ஆனால் எந்த முத்திரையை நம்ப வேண்டும் என்று அந்தக் காவலுக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லிக்கொடுக்க முடியும். சிப்புக்குள் கரண்ட் விட்டு எரித்து எழுதுகிற எழுத்து அது. எரித்தபின் திருத்த முடியாது. லைனில் இதற்கு 'லாக் போடுவது' என்று பெயர். அதைச் செய்ய பென் டிரைவ் அளவில் ஒரு சாவி உண்டு. சாவியைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் கம்பெனி முத்திரை வெளியே வரும். அம்மா செருகுவாள், போர்டை வைப்பாள், அழுத்துவாள். சாவி சூப்பர்வைசரின் அலமாரியில் பூட்டி இருக்கும். காலையில் அவர் எடுத்துக் கொடுப்பார், சாயங்காலம் வாங்கி வைப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே கம்பெனியில் பூஜை வைத்தார்கள். மைசூரில் எந்தப் பட்டறையில் இல்லை அது? வாசலில் பூசணிக்காய் உடைத்து, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, கடலைப்பொரியும் இனிப்பும் கொடுத்தார்கள். அவரவர் தங்கள் சாமானுக்குப் பொட்டு வைப்பது வழக்கம். பொட்டு வைத்த சாமானை அன்று மறுபடி தொடமாட்டார்கள், அதற்கு ஓய்வு. அம்மா மண்டி மொஹல்லாவில் வாங்கின சந்தனத்தைப் பன்னீரில் குழைத்துக் கொண்டுபோயிருந்தாள். சூப்பர்வைசரே அலமாரியைத் திறந்து சாவியை எடுத்துவந்து தட்டில் வைத்தார். "இதுக்கும் ஹச்சம்மா, இதே நம்ம லட்சுமி" என்றார், இதற்கும் பொட்டு வை என்று. அம்மா வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பூஜை முடிந்து கையில் பொரியோடு கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. சாமராஜநகர் டீலருக்கு லோடு அன்றைக்கே போக வேண்டுமாம். நான் டெம்போவோடு வாசலில் நிற்கிறேன். பாதிப் பெட்டிகளுக்கு இன்னும் லாக் போடவில்லை. சூப்பர்வைசர் அம்மாவை மட்டும் திரும்ப உள்ளே கூப்பிட்டார்.

"பூஜ போட்ட சாமானத் தொடலாமுங்களா சார்?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"சம்பிரதாய ஆமேலே. லோடு மொதலு" என்றார் அவர், சம்பிரதாயம் அப்புறம், லோடுதான் முதலில் என்று.

சாவியைச் செருகினாள். விளக்கு எரியவில்லை. சந்தனம் சாவியின் வாய்க்குள் இறங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தாள், ஊதினாள், ஊக்கு நுனியால் சுரண்டினாள். மறுபடி செருகினாள். ஒன்றுமில்லை. இன்னொரு சாவி பெங்களூரில் பெரிய இன்ஜினியரிடம் இருந்தது. அவர் தசரா லீவில் எங்கோ போயிருந்தார்.

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தாராம். பிறகு கம்ப்யூட்டரில் வேறொன்றைத் திறந்து, "இதரல்லி ஹாக்கு" என்றார், இதில் போடு என்று. அது பழகுவதற்காக வைத்திருந்த முத்திரை. சிப் செய்கிறவர்கள் மாதிரிக்காகக் கொடுப்பது. யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் எடுத்துக்கொள்ளலாம். அம்மா புதிதாக வந்தபோது அதில்தான் பழகினாள்.

"இது டிரைனிங்குக்குக் குடுத்ததுதானுங்களே சார்?"

"முத்ரெ முத்ரெனே. பெட்டிகேனு கொத்து?" முத்திரை என்றால் முத்திரைதான், பெட்டிக்கு என்ன தெரியும் என்று சிரித்தார். அம்மா அழுத்தினாள். ஒவ்வொரு பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. நான் அவற்றை டெம்போவில் அடுக்கிக்கொண்டு போனேன்.

அதில் ஒரு பெட்டி கௌதள்ளியில் உங்கள் மாமன் தோட்டத்துக்கு. அம்மாவின் அண்ணன். நான்தான் மாட்டினேன். பெட்டிக்கு அவர் குங்குமம் வைத்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "என் தங்கச்சி கை வேலையாக்கும்" என்று காட்டினார். வீட்டுக்குள் நின்றுகொண்டு போனில் அழுத்துவதும், மோட்டார் சத்தம் கேட்டதும் சிரிப்பதுமாக இருந்தார்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் அவர் போன் செய்தார்.

"மாப்ள, வந்து பாத்துட்டுப் போங்க. மோட்டார் தன்னால ஓடுது. நான் போனத் தொடவே இல்லீங்."

போனேன். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. மோட்டார் வெறுங்காற்றை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்த வேண்டிய பெட்டி நிறுத்தவில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் மருத்துவம் கரண்டை நிறுத்தி மறுபடி போடுவது. போட்டேன். பச்சை விளக்கு அழகாக எரிந்தது. மோட்டார் மறுபடி தன்னால் ஓடியது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பச்சை விளக்கு என்னைப் பார்த்து எரிந்தது.

எவனோ சிம் வழியாகத் தன் புரோகிராமை உள்ளே விட்டிருக்கிறான். பெட்டியைத் தன் திருட்டு வேலைகளுக்கு வேலைக்காரனாக வைத்துக்கொண்டு, அதன் சொந்த வேலையைக் கெடுத்துவிட்டான். சரியான லாக் இருந்திருந்தால், கரண்ட் போய் வந்த நிமிஷமே காவல் அவனை வெளியே தள்ளியிருக்கும். இங்கே அவன் கொண்டுவந்ததும் அதே பழகுகிற முத்திரை. உலகத்தில் எவனிடமும் இருக்கிற முத்திரை. காவல் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து அவனுக்கு சலாம் போட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்தது வாடைதான். மோட்டாரின் காயில் கம்பி எரிகிற வாடை. நான் ஒயரைப் பிடுங்குவதற்குள் அது எரிந்து முடிந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் வந்து நின்றார். "ஊரு ஒலகத்துல தங்கச்சிக்கு அண்ணன் சீர் செய்வான். இங்க அண்ணனுக்குத் தங்கச்சி செஞ்சிருக்குது சீரு! நல்லாத்தான் எரியுது போ" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மாமன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் போகம் மாமனின் மஞ்சள் பயிர் தண்ணீரில்லாமல் காய்ந்தது.

கௌதள்ளி மட்டுமில்லை, ஹனூர் பக்கமெல்லாம் இப்படியே புகார். பெங்களூரிலிருந்து பெரிய இன்ஜினியர் வந்தார். தமிழர்தான், தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு மைசூர் வந்த குடும்பமாம். எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார். நான் பெட்டி மாட்டுகிறவன் என்பதால் நானும் நின்றேன். அம்மாவை முன்னால் நிற்க வைத்தார்கள்.

அவர் கத்தவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. சாவி எப்படிக் கெட்டுப்போச்சு?"

"பூஜையில சந்தனம் பட்டுருச்சுங்க சார்."

"யார் வெச்சா?"

"நான்தானுங்க. சாவியத் தட்டுல சார்தான் வெச்சாரு. வைக்கச் சொன்னதும் சார்தானுங்க."

இன்ஜினியர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் போனைப் பார்த்தார். "அவர கைலே இத்து சார்" என்றார், அவள் கையில்தான் இருந்தது என்று. பொய் இல்லை. கையில்தான் இருந்தது.

"டிரைனிங் முத்திரை போடச் சொன்னதும் அவராம்மா?"

"ஆமாங்க சார்."

"யாராவது பாத்தீங்களா? கேட்டீங்களா?" இன்ஜினியர் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார்.

லாக் போட்டபோது யாரும் இல்லை. ஆனால் சாவியைத் தட்டில் வைத்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்தத் தட்டிலிருந்துதான் எல்லோரும் குங்குமம் எடுத்தார்கள். அம்மாவோடு ஒரே டிபன் பாக்சில் சாப்பிடுகிறவள் ஒருத்தி இருந்தாள். பஸ்ஸில் அம்மா அவளுக்குத் துண்டு போட்டு இடம் பிடிப்பாள். அவள் தலையிலிருந்த வலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். அதற்கு ரொம்ப நேரம் எடுத்தாள்.

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான், "சார், நான் வாசல்ல டெம்போவுல இருந்தேன். லோடு அன்னைக்கே போகணும்னு அவசரப்படுத்தினது நெஜம் சார்" என்றேன்.

"நீங்க அவங்க வீட்டுக்காரர் இல்லையா?" என்று இன்ஜினியர் சிரித்தார். "நீங்க வேற என்ன சொல்லுவீங்க, பாவம்." அதோடு என் சாட்சி முடிந்தது.

பிறகு அம்மாவிடம் குனிந்து சொன்னார். "பக்தி நல்லதுதாம்மா. ஆனா மெஷினுக்கு பக்தி தெரியாது. இந்தப் பெட்டிங்கள திருத்த முடியாது, தெரியுமில்ல? எரிச்சது எரிச்சதுதான். ஒடைச்சுத்தான் போடணும்." கொஞ்சம் யோசித்தார். "நீங்களே ஒடைங்க. எல்லாரும் பாக்கட்டும். அவங்களுக்கும் ஒரு டிரைனிங் மாதிரி இருக்கும்."

ஊர் ஊராகப் போய் அந்தப் பெட்டிகளைக் கழற்றி டெம்போவில் ஏற்றி வந்தது நான். கம்பெனி முற்றத்தில் குவித்ததும் நான். என் வேலையும் போனால் உங்களுக்குச் சோறு இல்லை. அதனால் செய்தேன்.

உடைக்கிற அன்று லைனை நிறுத்தி எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். அம்மாவுக்கு ஒரு சுத்தியல் கொடுத்தார்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கொடுத்தார்கள். சூப்பர்வைசரே கண்ணாடிப் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டார். "சேஃப்டி முக்கியம்மா" என்றார். அவ்வளவு அக்கறை.

மூடியைத் திறந்து, போர்டை எடுத்துக் கல்லில் வைத்து, நடுவில் இருக்கிற சிப் தூளாகும்வரை அடிக்க வேண்டும். இன்ஜினியர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிப் முழுசாக இருந்தால், "இன்னொரு தடவை அடிங்கம்மா" என்பார். வெயில் ஏறிவிட்டது. கண்ணாடிக்குள் வேர்வை வழிந்து அவளுக்குக் கண் தெரியவில்லை. கழற்றித் துடைக்கப் போனாள். "போட்டுக்கங்க, போட்டுக்கங்க" என்று நாலைந்து குரல்.

லைனில் இருந்த பையன் ஒருவன், "ஏனு பூஜாரம்மா, தேங்கா ஒடைக்கற நெனப்பா?" என்றான். அவனும் தமிழ்ப் பையன்தான், நம் பக்கத்து ஊர். சிரிப்பு முற்றம் முழுக்கச் சுற்றி வந்தது. டிபன் பாக்ஸ்காரியும் சிரித்தாள். அதன்பின் அம்மாவின் பெயரை யாரும் சொல்லவில்லை, பூஜாரம்மாதான்.

குவியலின் அடியில் மாமனின் பெட்டி வந்தது. மூடியில் குங்குமம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதைத் தனியாக ஒதுக்கி வைக்கத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அம்மா அதைக் கையில் எடுத்தாள். பொட்டைப் பார்த்தாள். உறை போட்ட கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தாள், போகவில்லை. பிறகு மூடியைத் திறந்து மற்றவற்றை அடித்தது போலவே அதையும் அடித்தாள். "இன்னொரு தடவை" என்றார் இன்ஜினியர். இன்னொரு தடவையும் அடித்தாள்.

பெர்மனென்ட் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாசலில் வைத்துச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் நடந்தபின் டிபன் பாக்ஸை உள்ளே விட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. வேர்வையாக இருக்கும் என்று சேலையில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. அதற்குள் மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள் அவள் விரலை. செக்யூரிட்டிக்காரர், "ஹோகம்மா, அது ஒப்பல்ல" என்றார். போம்மா, அது ஒத்துக்காது என்று. டிபன் பாக்ஸை நான் மறுநாள் கொண்டுவந்தேன். யாரோ கழுவி வைத்திருந்தார்கள்.

சின்னவளே, கார்டு வராததால்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க நீயும் அம்மாவும் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றீர்கள். அம்மா இப்போது அடுக்குமாடியில் கூட்டித் துடைப்பதும் அதனால்தான். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. மூச்சு வாங்கும்போது நீ "சாரிம்மா" என்பாய். சொல்லாதே.

மழைக்கு அப்புறம் கம்பெனி எல்லோருக்கும் புதுப் பெட்டி கொடுத்தது. மாமனுக்கும் வந்தது. பெங்களூரிலிருந்து வந்த புதுச் சாவியில் லாக் போட்டது. சூப்பர்வைசர் அந்தச் சாவிக்கு பிளாஸ்டிக் உறை வாங்கினார். அவர் இன்னும் சூப்பர்வைசர்தான். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கௌதள்ளிக்கு நான்தான் கொண்டுபோனேன். அம்மா, "அண்ணனுக்குக் குடுங்க" என்று முறுக்கு சுட்டுக் கொடுத்திருந்தாள். மாமன் அதை வாங்கித் தின்னாமல் மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்தார். நான் பெட்டியை மாட்டி, மெயினைப் போட்டேன். முதலில் விளக்கே இல்லை. காவல் எழுந்து பார்க்கிற நேரம் அது. பிறகு பச்சை.

மாமன் பக்கத்தில் வந்து பார்த்தார். தொடவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க மச்சான்."

"இது அம்மிணி செஞ்சதில்லையே?"

"இல்லைங்க மச்சான். அவ இப்ப அங்க இல்லையே."

"அப்பச் சரிங்" என்றார். மூச்சு விட்டார். உள்ளே போய்க் குங்குமம் எடுத்துவந்து புதுப் பெட்டிக்குப் பொட்டு வைத்தார். முறுக்கை எடுக்க மறந்துவிட்டார். ஜன்னலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "அண்ணன் ஏதாச்சும் கேட்டுதுங்களா?"

நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை, அவளுக்கும் அது தெரியும். சொன்னேன். அவள் அப்போது உன் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள், சின்னவளே. கை நிற்கவில்லை.

"பச்ச எரிஞ்சுதா?" என்றாள்.

"எரிஞ்சுது."

"அது போதும்" என்றாள்.